பிள்ளைக்கு மண்டையோட்டு ஒப்பரேஷன் எண்டு சொல்லிட்டினமா? கொழும்பில இருக்கிற அம்மா அப்பாவுக்கு, நாள் நாளா என்ன நடக்கும் எண்டு

என்ர மகனுக்கு ஒன்பது மாசம் முடியிற நேரம் தலையைத் திறந்து மண்டையோட்டு எலும்பைத் திருத்தினவை. இப்ப அவனுக்கு மூண்டு வயசு, மொன்டிசூரிக்குப் போறான், வீட்டு மேசையெல்லாம் ஏறிக் குதிக்கிறான். போன மாசம் வெள்ளவத்தையில எங்கட ப்ளட்டுக்குக் கீழ இருக்கிற ஒரு பிள்ளைக்கும் இதே வருத்தம் எண்டு சொல்லி அந்தத் தாய் ராவெல்லாம் அழுதுகொண்டு எனக்கு கோல் எடுத்தா, அவவுக்குச் சொன்னதைத்தான் இப்ப எல்லாருக்கும் எழுதுறன். நான் டொக்டர் இல்ல. ஆனா ஒரு விசயம் நிச்சயமாச் சொல்லுவன், எனக்கு ஒப்பரேஷனை விடக் கூடப் பயமா இருந்தது அடுத்து என்ன நடக்கும் எண்டு தெரியாம இருந்ததுதான். டொக்டர்மார் ஒப்பரேஷனைப் பற்றி வடிவாச் சொல்லுவினம், அதுக்குப் பிறகு வாற இரண்டாம் நாளைப் பற்றி எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. அதைக் கீழ விரிவா எழுதியிருக்கிறன், அவசரமா இருந்தா நேர அங்க போய் வாசியுங்கோ.

முதல்ல, இது என்ன வருத்தம்

பிறந்த பிள்ளையின்ர மண்டையோடு ஒரே எலும்பு இல்ல, கனக்கத் துண்டுகள். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில பொருத்து இருக்கு, அந்தப் பொருத்து திறந்து இருக்கிறதாலதான் மூளை வளர வளரத் தலையும் வளருது. முதல் ஒரு வருசத்தில மூளை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகுது. சில பிள்ளையளுக்கு இந்தப் பொருத்துகள்ல ஒண்டு நேரத்தோட ஒட்டிப் போயிடும், கிரேனியோசினொஸ்டோசிஸ் எண்டு சொல்லுவினம், கிட்டத்தட்ட 2000 – 2500 பிள்ளையளுக்கு ஒண்டு எண்டு கணக்கு. ஒட்டின பக்கம் வளர ஏலாது, அதால மற்றப் பக்கம் தள்ளிக்கொண்டு வளருது, தலை வடிவம் மாறுது.

எந்தப் பொருத்து ஒட்டினது எண்டதைப் பொறுத்து வடிவம் வேற. உச்சியில முன்னுக்கிருந்து பின்னுக்குப் போற சஜிட்டல் பொருத்து ஒட்டினா தலை ஒடுங்கி, வள்ளம் மாதிரி நீளமா வரும். இதுதான் எல்லாத்திலயும் கூட வாறது, ஆம்பிளைப் பிள்ளையளுக்குக் கூட, என்ர மகனுக்கும் இதுதான். நெத்தி நடுவில இருக்கிற மெட்டோபிக் ஒட்டினா நெத்தி முக்கோணமா, நடுவில வரம்பு மாதிரி கூரா நிக்கும். காதுப் பக்கமா மேல போற கொரோனல் ஒரு பக்கம் ஒட்டினா அந்தப் பக்க நெத்தி தட்டையா, கண் மேல இழுத்த மாதிரி இருக்கும். பின்பக்கத்து லம்டொயிட் ஒட்டுறது சரியான அரிது.

இதில கன பேர் பயப்பிடுற இடம் ஒண்டு இருக்கு. பிள்ளை ஒரே பக்கமாப் படுத்துப் படுத்துத் தலையின்ர பின்பக்கம் சப்பையாகிறது வேற விசயம், அதுக்கு ஒப்பரேஷன் தேவையில்ல. மேல நிண்டு பிள்ளையின்ர உச்சியைப் பாருங்கோ. படுத்துச் சப்பையான தலை எண்டா சப்பையான பக்கத்துக் காதும் நெத்தியும் முன்னுக்குத் தள்ளி இருக்கும், விரலால தடவினா வரம்பு ஒண்டும் தட்டுப்படாது, பகல்ல குப்புறப் போட்டு விளையாட விட்டு, படுக்கிற பக்கத்தை மாத்த மாத்தக் குறைஞ்சுகொண்டு வரும் (நித்திரைக்கு மட்டும் எப்பவும் நிமித்தித்தான் போடோணும், அதை மாத்தக் கூடாது). குறை மாசத்தில பிறந்த பிள்ளையளுக்கும் தலை கொஞ்சம் நீளமாத் தெரியலாம். நெத்தியில லேசா ஒரு வரம்பு மட்டும் இருந்து நெத்தி நல்ல வடிவா இருந்தா அதுவும் பெரும்பாலும் ஒண்டுமில்ல. ஆனா இதெல்லாத்தையும் நீங்களே தீர்மானிக்காதேங்கோ, பிள்ளை டொக்டரிட்டக் காட்டுங்கோ.

இன்னொண்டு. கிளினிக் புத்தகத்தில தலைச் சுற்றளவு கோடு சரியாப் போகுது எண்டு சொல்லி நாங்கள் நாலு மாசம் வரைக்கும் பேசாம இருந்திட்டம். சஜிட்டல் ஒட்டின பிள்ளைக்குச் சுற்றளவு சரியாத்தான் இருக்கும், சில நேரம் கூடவும் இருக்கும், ஏனெண்டா அகலத்தில குறைஞ்சது நீளத்தில கூடுது. அதால அளவு சரி எண்டா வடிவமும் சரி எண்டு அர்த்தமில்ல. போனில மேலயிருந்து ஒரு போட்டோ, பக்கவாட்டில ஒண்டு, முன்னால ஒண்டு, மாசம் ஒருக்கா எடுத்து வையுங்கோ, டொக்டருக்கு அது நல்ல உதவி.

எங்கட அம்மா முதல்ல எண்ணெய் பூசித் தலையைப் பிடிச்சு விட்டாச் சரியாகும் எண்டுதான் நிண்டவ, அவவின்ர காலத்தில எல்லாப் பிள்ளையளுக்கும் அப்பிடித்தான் செய்தது எண்டு. அவவில கோவிக்க ஏலாது, பாசத்தில சொல்றது. ஆனா ஒட்டின பொருத்தைக் கையால பிரிக்க ஏலாது, அமத்திப் பிடிக்கவும் கூடாது, ஏணையில போட்டதாலயோ, பிள்ளை வயித்தில இருக்கேக்க நீங்கள் செய்த ஏதோ ஒண்டாலயோ இது வரேல்ல. கிரகணத்தில வெளியில போனியா எண்டு என்னட்டயும் கேட்டவை. அப்பிடி யாரும் கேட்டா அந்தக் கதையை அங்கயே நிப்பாட்டுங்கோ, தாய்க்கு அந்த நேரம் அந்தப் பாரம் வேண்டாம்.

எங்க போறது, என்ன கொண்டு போறது

பிள்ளை டொக்டர் சந்தேகம் எண்டு சொன்னா ரெஃபரல் கடிதம் தருவார். கொழும்பில அரசாங்கப் பக்கம் எண்டா பொரளையில இருக்கிற லேடி ரிட்ஜ்வே, 1895 ல தொடங்கின பிள்ளையள் ஆஸ்பத்திரி, த்ரீவீல்காரருக்கு லமா ரோஹல எண்டு சொன்னாப் போதும். அரசாங்க ஆஸ்பத்திரியில ஒப்பரேஷனுக்குக் காசு இல்ல. இந்த வருத்தத்தை நியூரோ சர்ஜனும் பிளாஸ்டிக் சர்ஜனும் சேர்ந்துதான் கூடப் பாக்கிறவை, அதால உங்களை இரண்டு கிளினிக்குக்கு அனுப்பினா அலைக்கழிக்கினம் எண்டு நினைக்காதேங்கோ, இரண்டும் தேவை.

பிரைவேட்டில செய்ய நினைச்சா சர்ஜனின்ர காசு மட்டும் கேக்காம ஐசியூ ஒரு நாளைக்கு எவ்வளவு, இரத்தம், எலும்பைப் பிடிக்கிற பிளேட், மயக்க மருந்து டொக்டர், எல்லாத்தையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கோ, பிளேட்டின்ர விலை தனியா வரும். காசு காணாட்டி ஜனாதிபதி நிதியத்தில மருத்துவ உதவிக்கு விண்ணப்பிக்கலாம், உங்கட பிரதேச செயலகத்தில போய் விசாரியுங்கோ, ஒப்பரேஷன் முடியிற வரைக்கும் காத்திராம முந்தியே போங்கோ.

ஒரு ஃபைல் வாங்கி அதில கிளினிக் புத்தகம், பிறப்புச் சான்றிதழ் கொப்பி, ரெஃபரல், ஸ்கேன், இரத்த ரிப்போட் எல்லாத்தையும் திகதிப்படி அடுக்குங்கோ. ஒவ்வொரு பேப்பரையும் போனில போட்டோ எடுத்து வையுங்கோ. எங்களுக்கு ஒரு இடத்தில ஒரு ரிப்போட் காணாமப் போனது, போனில இருந்ததால திருப்பிக் குத்தாமத் தப்பினம்.

நிச்சயப்படுத்துறது சீட்டி ஸ்கேனால, முப்பரிமாணமா எடுத்தா ஒட்டின இடம் கண்ணுக்கே வடிவாத் தெரியும். கதிர்வீச்சு எண்டு பயந்தா டொக்டரிட்டக் கேளுங்கோ, பிள்ளையளுக்குக் குறைஞ்ச அளவில எடுக்கலாம், ஒருக்காத்தான் எடுக்கிறது. சின்னப் பிள்ளையை வயிறு நிறையப் பால் குடுத்து இறுக்கிச் சுத்தினா நித்திரையிலயே எடுத்து முடிக்கலாம், எங்கட மகனுக்கு அது சரிவரேல்ல, மருந்து குடுத்துத்தான் எடுத்தது. கண் டொக்டரும் பாப்பார், கண்ணுக்குப் பின்னால நரம்பு வீங்கியிருக்கோ எண்டு பாத்தா மண்டைக்குள்ள அமுக்கம் கூடியிருக்கோ எண்டு தெரியும். கை கால் விரலையும் பாப்பினம், விரல் ஒட்டியிருந்தா பரம்பரை அலகோட சம்பந்தப்பட்ட வேற வகையா இருக்கலாம். ஒரு பொருத்து மட்டும் ஒட்டின கன பிள்ளையளுக்கு வேற ஒரு குறையும் இராது.

சர்ஜனிட்டக் கேக்க வேண்டிய கேள்வி

எழுதிக்கொண்டு போங்கோ. அந்தக் கதிரையில இருந்தா ஒண்டும் ஞாபகம் வராது, எனக்கு நாக்கே எழும்பேல்ல, என்ர மனுசன்தான் பேப்பரைப் பாத்து வாசிச்சவர்.

எந்தப் பொருத்து, ஒண்டா கூடவா. செய்யாம விட்டா என்ன நடக்கும். சின்ன வெட்டு வைச்சு கமராவால செய்றதா, தலையைத் திறந்து செய்றதா. கமராவால செய்றது பெரும்பாலும் மூண்டு நாலு மாசத்துக்குள்ள இருக்கிற பிள்ளைக்குத்தான், அதுக்குப் பிறகு மாசக்கணக்கா ஹெல்மட் போடோணும், ஒரு நாளைக்கு 23 மணித்தியாலம், கொழும்பு வெக்கையில அது லேசில்ல. திறந்து செய்றது கூடுதலா ஆறு மாசத்துக்கும் ஒரு வயசுக்கும் இடையில, எலும்பு வளைச்சு வடிவமைக்க ஏலுமான அளவு மெல்லிசா இருக்கும், பிள்ளையும் இரத்த இழப்பைத் தாங்கிற அளவுக்கு வளர்ந்திருக்கும். நாங்கள் போகேக்கயே வயசு கடந்திட்டுது, அதால எங்களுக்குத் திறந்து செய்றது மட்டும்தான். நீங்கள் நேரத்தோட போனா கேட்டுப் பாக்கலாம்.

பிறகு, எத்தின மணித்தியாலம் (மூண்டிலிருந்து ஆறு எண்டு எங்களுக்குச் சொன்னது, நாலரை மணித்தியாலம் எடுத்தது), இரத்தம் ஏத்துவீங்களோ, வெட்டு எங்க வரும், பிளேட் கரையிறதா நிரந்தரமா, உங்கட யூனிட்டில இது வருசத்துக்கு எத்தின செய்றீங்கள். கடைசிக் கேள்வியைக் கேக்க வெக்கப்படாதேங்கோ, நல்ல சர்ஜன் கோவிக்க மாட்டார்.

வெட்டு ஒரு காதிலிருந்து மற்றக் காது வரைக்கும் தலைக்கு மேலால போகும், நேர்கோடா இல்லாம வளைஞ்சு வளைஞ்சு வைப்பினம், அப்பிடி வைச்சா மயிர் வளர்ந்த பிறகு தழும்பு பிரிஞ்சு தெரியாது. முகத்தில வெட்டு இல்ல. இதைக் கேட்டுத்தான் எனக்கு முதல் தடவை மூச்சு வந்தது.

முந்தின வாரங்கள்

எட்டுக் கிலோ பிள்ளையின்ர உடம்பில மொத்தமாவே கிட்டத்தட்ட 600 மில்லிலீட்டர் இரத்தம்தான் இருக்கு. எங்களுக்கு ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு போனா ஒண்டும் தெரியாது, பிள்ளைக்கு அது பெரிய பங்கு. அதால இந்த ஒப்பரேஷன்ல இரத்தம் ஏத்துறது சாதாரணம், ஏத்தினம் எண்டதால ஏதோ பிழைச்சுப் போச்சு எண்டு நினைக்காதேங்கோ. ஒரு மாசம் இரண்டு மாசம் முந்தியே ஹீமோகுளோபின் எவ்வளவு எண்டு கேளுங்கோ, குறைவா இருந்தா இரும்புச்சத்துத் துளி தருவினம், அது குடுக்கேக்க மலம் கறுப்பாப் போகும், பயப்பிட வேண்டாம். இலங்கையில நோயாளியளுக்கு ஏத்துற இரத்தம் முழுக்கத் தன்னார்வமாக் குடுக்கிற ஆக்களிட்ட இருந்துதான் வருது, காசுக்கு வாங்கிறதில்ல. மகன் வீட்ட வந்த பிறகு இவர் நாரஹேன்பிட்டி இரத்த நிலையத்துக்குப் போய்க் குடுத்திட்டு வந்தவர், இப்பவும் குடுக்கிறவர்.

தடிமன் காய்ச்சல் வந்தா ஒப்பரேஷன் தள்ளிப் போடுவினம். எங்களுக்கு முதல் திகதி எட்டாம் மாசத்தில தந்தது, நாலு நாள் இருக்கேக்க மூத்தவள் நேசறியிலயிருந்து தடிமன் கொண்டு வந்து இவனுக்கும் தொத்தி, மூண்டு கிழமை பின்னுக்குப் போனது. லீவு எடுத்து, மனசைக் கட்டி வைச்சிருந்து, பிறகு அது தள்ளிப் போறது சரியான கஷ்டம், ஆனா சளியோட மயக்க மருந்து குடுக்கிறது ஆபத்து, அவை தள்ளினது சரி. அதால கடைசி இரண்டு கிழமை கலியாண வீடு, பிறந்தநாள் ஒண்டும் வேண்டாம், பாக்க வாற ஆக்களையும் வர வேண்டாம் எண்டு நேர சொல்லுங்கோ, குறை நினைச்சா நினைக்கட்டும். மூத்த பிள்ளை இருந்தா ஏலுமெண்டா அந்தக் கிழமை பள்ளிக்கூடம் விடாதேங்கோ.

தடுப்பூசியைப் பற்றியும் கேளுங்கோ. ஒப்பரேஷனுக்குக் கிட்ட ஊசி போட்டாக் காய்ச்சல் வந்து குழப்பும், அதால திகதியை மயக்க மருந்து டொக்டருக்கும் மிட்வைஃப் மிஸ்ஸுக்கும் சொல்லி வையுங்கோ. எங்கட நாட்டில ஒன்பது மாசத்தில எம்எம்ஆர் ஊசி (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்குப் போடுறது). இரத்தம் ஏத்தினா அதில வாற எதிர்ப்புச்சக்தி அந்த ஊசியை வேலை செய்ய விடாது எண்டதால மாசக்கணக்கில பிந்திப் போடுற வழமை இருக்கு. இதை நாங்களாக் கேட்டபடியாத்தான் தெரிஞ்சது. ஒப்பரேஷனுக்கு முந்தியா பிறகா எண்டு கட்டாயம் கேட்டு கிளினிக் புத்தகத்தில எழுதுவியுங்கோ.

சட்டை விசயம் சின்னனாத் தெரியும், ஆனா முக்கியம். தலைக்கு மேலால போடுற சட்டை ஒண்டும் சரிவராது, முன்னால பட்டன் இருக்கிறது ஆறு எடுத்து வையுங்கோ. மற்றது பம்பர்ஸ், பழைய மெத்தென்ற பருத்தித் துணி, சுடுதண்ணி ப்ளாஸ்க், போன் சார்ஜர், உங்களுக்கு ஒரு சால்வை, செருப்பு, பிள்ளைக்குப் பழகின சத்தம் போடுற ஒரு சாமான். என்ர மகனுக்கு ஒரு கிலுகிலுப்பை. அது ஏன் எண்டு கீழ வரும்.

சிங்களம் வடிவாத் தெரியாட்டி சில சொல்லைப் பாடமாக்குங்கோ. பபாட்ட ரிதெனவா எண்டா பிள்ளைக்கு நோகுது. உண எண்டா காய்ச்சல், வமனே எண்டா சத்தி, லே எனவா எண்டா இரத்தம் வருது, வதுர எனவா எண்டா தண்ணி வருது. எங்கட வோர்ட்டில ராவில நிண்ட மிஸ்மார் (தாதிமார்) ஒருத்தருக்கும் தமிழ் வராது, ஆனா நான் உடைஞ்ச சிங்களத்தில சொன்னதைக் கேட்டு ஓடி வந்தவை. கையெழுத்து வைக்கிற பேப்பர் மட்டும் விளங்காம வைக்காதேங்கோ, தமிழில சொல்லக்கூடிய ஒருத்தரைக் கூப்பிடச் சொல்லிக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு.

ஒப்பரேஷன் நாள்

பட்டினி கணக்கு சரியா இருக்கோணும். எங்களுக்குச் சொன்னது மா பாலும் சாப்பாடும் ஆறு மணித்தியாலத்துக்கு முந்தி, தாய்ப்பால் நாலு மணித்தியாலத்துக்கு முந்தி, வெறும் தண்ணி இரண்டு மணித்தியாலத்துக்கு முந்தி நிப்பாட்டோணும். உங்கட டொக்டர் சொல்ற கணக்கை எழுதி அலாரம் வையுங்கோ, கடைசிப் பாலுக்கு நித்திரையால எழுப்பிக் குடுங்கோ. அதுக்குப் பிறகு பிள்ளை பாலுக்கு அழும், உங்கட மணம் பிடிச்சாக் கூட அழும், அதால அந்த நேரம் அப்பாவோ அம்மம்மாவோ தூக்கி வைச்சிருக்கிறது நல்லம். இரங்கி ஒரு வாய் குடுத்தீங்கள் எண்டா ஒப்பரேஷன் நிண்டுபோகும்.

தியேட்டர் வாசல்ல குடுக்கிற நேரத்துக்கு ஒரு வழியும் சொல்ல எனக்குத் தெரியாது. நான் அவன்ர உச்சியைக் கொஞ்சிப்போட்டுக் குடுத்தன். பழைய வடிவத்தில அந்தத் தலையைக் கடைசியாப் பாக்கிறன் எண்டு அப்பதான் விளங்கினது, அந்த நீளத் தலையும் எனக்கு என்ர பிள்ளையின்ர தலைதான், அதுக்கும் அழுதன். உங்களுக்கும் அப்பிடி வந்தா அது பிழை இல்ல.

காத்திருக்கிற நேரம் ஒருத்தர் மட்டும் வாசல்ல இருங்கோ, மற்றவர் போய்ச் சாப்பிட்டிட்டு வரட்டும், பிறகு மாறுங்கோ. அம்மா கொச்சிக்கடை அந்தோனியாருக்கும் பம்பலப்பிட்டிக் கதிரேசனுக்கும் நேந்துகொண்டு இருந்தவ. சொந்தக்காரருக்கு எல்லாம் ஒரே ஆள் தகவல் குடுக்கட்டும், என்ர போனை நான் தங்கச்சியிட்டக் குடுத்திட்டன். சொன்ன நேரத்தை விடக் கூட எடுத்தா உடன பயப்பிடாதேங்கோ, மயக்கம் குடுத்து ஊசிக்குழாய்கள் போடுறதுக்கே ஒரு மணித்தியாலம் போகும், வெட்டின நேரத்திலயிருந்துதான் அவையின்ர கணக்கு.

ஐசியூவும் இரண்டாம் நாளும்

முதல் ராத்திரி பெரும்பாலும் ஐசியூவில. தலை முழுக்கக் கட்டு, கையில மருந்து ஏத்துற கெனுலா, ஒரு ட்ரெயின் குழாயில இரத்தத்தண்ணி வடியும், மொனிட்டர் சத்தம். முகம் வெளிறியிருக்கும். ஆனா அண்டைக்குக் கண் திறந்திருக்கும், என்னைப் பாத்து அழுதவன், நான் நினைச்சன் இவ்வளவுதான், தாண்டிட்டம் எண்டு.

அடுத்த நாள் வீங்கத் தொடங்கினது. நெத்தி, கண் இமை, கன்னம் எல்லாம் ஊதி, இரண்டு கண்ணும் முழுக்க மூடுப்பட்டுப் போச்சு, இமை ஊதா நிறம், பிள்ளையை அடையாளம் தெரியேல்ல. நான் மிஸ்ஸைப் பிடிச்சு உலுக்கினன், ஏதோ நடந்திட்டுது எண்டு. அவ பதறேல்ல, மூண்டு விரலைக் காட்டி மூண்டு நாள் எண்டா. அதைத்தான் உங்களுக்கு இப்ப முந்தியே சொல்றன்: வீக்கம் ஒப்பரேஷன் முடிஞ்ச உடன வராது, ஒரு நாள் இரண்டு நாளிலதான் உச்சத்துக்கு வரும், கண் மூடுப்படலாம், பிறகு தானா இறங்கும். கண்ணுக்கு உள்ளுக்கு ஒண்டும் நடக்கேல்ல, இமைதான் வீங்கினது. இது எதிர்பாத்த விசயம். வீட்டில இருக்கிற அம்மம்மா அப்பப்பாவுக்கும் மூத்த பிள்ளைக்கும் முந்தியே சொல்லி வையுங்கோ, சொல்லாம வீடியோ கோல்ல காட்டாதேங்கோ, என்ர மாமி பாத்திட்டு இரண்டு நாள் சாப்பிடேல்ல.

பிள்ளைக்கு அந்த நேரம் நோவை விட இருட்டுத்தான் பயம். என்ன நடந்தது எண்டு தெரியாது, கண் தெரியேல்ல, ஆரோ வந்து தொடுகினம், குத்துகினம். அதால ஒரு பழக்கம் வைச்சம், தொட முந்திக் கதைக்கிறது. "அம்மா வாறன் ராசா, கையைப் பிடிக்கப் போறன்" எண்டு சொல்லிட்டுத்தான் தொடுறது. மிஸ் மருந்து குடுக்க வந்தாலும் நான் முந்திச் சொல்லுவன். கிலுகிலுப்பையைக் கையில குடுத்தா அது அவனுக்குத் தெரிஞ்ச சாமான், பிடிச்சுக்கொண்டு நித்திரையாவான். தெரிஞ்ச பாட்டு ஒண்டையே திருப்பித் திருப்பிப் பாடினன், புதுசு புதுசாப் பாட வேண்டாம், பழகினதுதான் அவைக்கு வேணும். நீங்கள் எழும்பி பாத்ரூம் போகேக்கயும் சொல்லிட்டுப் போங்கோ, திரும்பி வந்தாலும் சொல்லுங்கோ.

தலைப்பக்கம் கட்டிலை உயர்த்தி வைக்கச் சொல்லிக் கேளுங்கோ, தட்டையாப் படுத்தா வீக்கம் கூடும், ஒரு பக்கமாப் படுத்தா அந்தப் பக்கம் கூட வீங்கும். மடியில சரிச்சு வைச்சிருக்கலாமோ எண்டு கேட்டு வைச்சிருங்கோ. எப்பிடித் தூக்கிறது எண்டு மிஸ் காட்டித் தருவா, தலையில கை போகாம கழுத்துக்குக் கீழயும் இடுப்பிலயும் பிடிச்சு. பால் மெல்ல மெல்லத் தொடங்கும், முதல் நாள் சத்தி எடுக்கலாம், மயக்க மருந்தால. முதல் இரண்டு நாள் காய்ச்சல் காயிறதும் கன பிள்ளையளுக்கு நடக்கிறது. நோ மருந்தை நேரத்துக்குக் கேட்டு வாங்குங்கோ, நோ வந்த பிறகு குடுத்தா அடங்க நேரம் எடுக்கும்.

நாலாம் நாள் விடிய, இடது கண் ஒரு கீறல் மாதிரித் திறந்தது. அந்தக் கீறலால என்னைப் பாத்துச் சிரிச்சான். அண்டைக்குத்தான் நான் வடிவாச் சோறு சாப்பிட்டன். ஏழாம் நாள் வீட்ட விட்டவை, சில பிள்ளையளை அதுக்கு முந்தியே விடுவினம்.

வீட்ட வந்த பிறகு

நித்திரைதான் முதல் பிரச்சினை. ராவில திடுக்கிட்டு எழும்பி அழுவான், என்னை விட்டு இறங்க மாட்டான், ஒரு மாசத்துக்குக் கிட்ட இப்பிடி இருந்தது, பிறகு தானாக் குறைஞ்சுது. இறுக்கிப் பழக்கிறது ஒண்டும் அந்த நேரம் வேண்டாம், தூக்கி வைச்சிருங்கோ. ஆனா ஆராவது மாறி மாறி முழிச்சிருக்கிற மாதிரிப் பாத்துக்கொள்ளுங்கோ, எனக்கு மூண்டாம் கிழமைதான் உடம்பு விழுந்தது, அதுவரைக்கும் ஏதோ ஓட்டத்தில நிண்டிட்டன்.

தலையைத் தடவினா மேடும் பள்ளமும் தட்டுப்படும், சில இடம் மெத்தெண்டு இருக்கும். எலும்பை வெட்டித் திருப்பி வைச்சது, நடுவில இருக்கிற இடைவெளி மாசக்கணக்கில எலும்பால நிரம்பும். கரையிற பிளேட் எண்டா சின்னக் கட்டி மாதிரி தெரியும், ஒரு வருசம் ஒண்டரை வருசத்தில கரைஞ்சு போகும். எப்ப தலை கழுவலாம் எண்டு டொக்டர் சொன்ன நாளுக்குப் பிறகு பிள்ளை ஷம்பூவால மெதுவா, தேய்க்காம. எண்ணெய், மஞ்சள், விபூதி, குங்குமம் ஒண்டும் காயத்தில வேண்டாம், நெத்தியில வைக்க ஆசையா இருந்தாலும் காயம் முழுக்க ஆறட்டும். மொட்டை அடிக்கிறது எண்டு நேந்தவை சர்ஜன் ஓம் எண்ட பிறகு போங்கோ, தழும்பில சவரக்கத்தி படக்கூடாது, நாங்கள் ஒரு வருசம் பொறுத்துத்தான் நேத்தியை முடிச்சம். வெயில்ல போனா பருத்தித் தொப்பி.

இது வந்தா காத்திராதேங்கோ: காயத்தாலயோ மூக்காலயோ தெளிஞ்ச தண்ணி வடியிறது, காயம் சிவந்து சீழ் வாறது, வீட்ட வந்த பிறகு 38 டிகிரிக்கு மேல காய்ச்சல், திருப்பித் திருப்பிச் சத்தி, எழுப்பினாலும் எழும்பாத மாதிரி நித்திரை, வலிப்பு, தலை புதுசா வீங்கிறது. 1990 க்கு அடிச்சா சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்ல. கொழும்பில காய்ச்சல் எண்டா டெங்குவும் இருக்கலாம், அதால டொக்டர் சொல்லாம பரசிற்றமோல் தவிர வேற நோ மருந்து, முக்கியமா இபுபுரோஃபன், குடுக்காதேங்கோ. பிள்ளையை நுளம்பு வலைக்குள்ள படுக்க விடுங்கோ.

நடக்கப் பழகிற வயசில ஒப்பரேஷன் முடிஞ்சு வாற பிள்ளை விழத்தான் செய்யும். முதல் தரம் இவன் கதிரையில தலையை இடிச்ச நேரம் நான் அந்த ஃபைலையும் தூக்கிக்கொண்டு ஓடினன். பாத்திட்டு ஒண்டுமில்ல எண்டு விட்டவை. மேசை மூலையளுக்கு ஸ்பொன்ச் ஒட்டுங்கோ, முதல் இரண்டு மூண்டு மாசம் கவனம், அதுக்குப் பிறகு மற்றப் பிள்ளையள் மாதிரி விடுங்கோ, சர்ஜனும் அதைத்தான் சொன்னவர்.

கிளினிக்கை விடாதேங்கோ. தலை வடிவா வந்திட்டுது, பிள்ளை துள்ளித் திரியிறான் எண்டு கன பேர் ஒரு வருசத்தோட நிப்பாட்டுகினம். சில பிள்ளையளுக்குப் பிறகும் அமுக்கம் கூடலாம், அது வெளியில தெரியாது, கண் டொக்டர் பாத்தாத்தான் பிடிபடும். நாங்கள் இப்பவும் வருசம் ஒருக்காப் போறம்.

கடைசியா, வீட்ட விடேக்க தாற டயக்னோசிஸ் கார்ட். அதில என்ன ஒப்பரேஷன், எத்தினையாம் திகதி, எவ்வளவு இரத்தம் ஏத்தினது, என்ன பிளேட் எண்டு இருக்கோ எண்டு வோர்ட்டை விட்டு வெளிக்கிட முந்தி வாசிச்சுப் பாருங்கோ, இல்லாட்டி அங்கயே எழுதுவியுங்கோ. ஐஞ்சு கொப்பி அடிச்சு ஒண்டை ஃபைலில, ஒண்டை அம்மம்மா வீட்டில, ஒண்டை உங்கட ஹேண்ட்பேக்கில வையுங்கோ. மிச்சம் இரண்டு மிட்வைஃப் மிஸ்ஸுக்கும், பிறகு மொன்டிசூரி டீச்சருக்கும். டீச்சரிட்டக் குடுக்கேக்க, தலையில அடிபட்டா எனக்கு உடன கோல் எடுங்கோ, மற்றபடி எல்லாப் பிள்ளையளோடயும் ஓடி விளையாட விடுங்கோ எண்டு சொல்லிக் குடுங்கோ.